பூனையின் சீறல்: கினுயோ தனாகாவின் ஐம்பது ஆண்டுகள்

கென்ஜி மிசோகுச்சியின் 'ஓஹாருவின் வாழ்க்கை' (1952) படத்தின் பிற்பகுதியில் ஒரு சிறிய காட்சி வரும். ஐம்பது வயதான ஓஹாரு தெருவில் நின்று உடலை விற்றுப் பிழைக்கிறாள். முகத்தில் அப்பியிருக்கும் வெள்ளைப் பூச்சு அவள் வயதை மறைக்கவில்லை. ஓர் ஆண் அவளைக் கூப்பிட்டு விடுதிக்குள் அழைத்துப் போகிறான். அங்கே யாத்திரை வந்த இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கை அவள் முகத்தருகே பிடித்து, இந்தக் கிழட்டுப் பூனைப் பேயைப் பாருங்கள், இதைப் பார்த்த பிறகும் உங்களுக்குப் பெண்ணாசை வருமா என்று அவர்களுக்கு உபதேசம் செய்கிறான். அவள் வந்தது இதற்குத்தான். காட்சிப்பொருளாக நின்றதற்குக் காசு கொடுக்கிறான். ஓஹாரு காசை வாங்கிக்கொண்டு கிளம்புகிறாள். பிறகு திரும்பி வருகிறாள். விரல்களை நகங்களாக மடக்கி, பூனைபோல் அவர்களை நோக்கிச் சீறுகிறாள். அதன் பிறகே போகிறாள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிசோகுச்சியின் நீண்ட ஷாட்டுகளையும், வெட்டாமல் நகரும் கேமராவையும், விலகி நின்று பார்க்கும் கருணையையும் சிலாகிப்பார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்தப் படமே அந்தச் சீறலுக்குள் இருக்கிறது. பார்வைக்கு வைக்கப்பட்ட ஒருத்தி, பார்க்கிறவர்கள் கொடுத்த அதே பேய் வேடத்தை எடுத்து அவர்கள்மேலேயே வீசிவிட்டுப் போகிறாள். வெனிஸ் விழாவில் அந்த ஆண்டு படத்துக்குச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. மேற்குலகம் மிசோகுச்சி என்ற பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது. சீறிய முகம் கினுயோ தனாகாவுடையது. அப்போது அவருக்கு வயது 42. சிறுபெண்ணிலிருந்து கிழவிவரை ஒரே படத்தில் நடித்திருந்தார்.

வகுப்பில் தனாகாவின் படங்களை அடுத்தடுத்துத் திரையிட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: "இந்தம்மா ஏன் மேடம் எல்லாப் படத்துலயும் அழுதுக்கிட்டே இருக்காங்க? இதப் பாத்து நாங்க என்ன பண்றது?" நியாயமான கேள்வி. துன்பப்படும் பெண்ணை அழகாகப் படம்பிடித்து, அந்த அழகுக்கு நம்மைக் கண்ணீர் விடவைப்பது உலக சினிமாவின் பழைய வித்தை. அதைக் கலை என்று கொண்டாடும்போது துன்பத்துக்குக் காரணமானவர்கள் வெளியே நழுவிவிடுகிறார்கள். ஜப்பானிய சினிமாவின் பொற்காலம் எனப்படுவதில் பெரும்பகுதி இந்த வித்தையால் ஆனது. அதன் மையத்தில் இருந்த முகம் தனாகாவுடையது. அப்படியானால் அவரை நாம் என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அவரது தொடக்க காலத்தை வேகமாகவே கடந்துவிடலாம். 1909இல் ஷிமோனோசெகியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பிவா என்னும் நரம்பிசைக் கருவியைக் கற்று, ஒசாகாவில் சிறுமிகளின் இசைநாடகக் குழுவில் மேடையேறியவர். 1924இல், 14 வயதில், ஷோசிக்கு நிறுவனத்தில் சேர்ந்தார். மௌனப் படங்களில் வளர்ந்து, ஜப்பானின் முதல் வெற்றிகரமான பேசும் படமான 'அடுத்த வீட்டுக்காரியும் என் மனைவியும்' (1931) படத்தில் மனைவியாக வந்தார். 1938இல் வந்த 'ஐசென் கட்சுரா'வில் குழந்தையுள்ள விதவைத் தாதியாகவும் ஒரு மருத்துவரின் காதலியாகவும் நடித்தார். நாடே திரண்டு பார்த்த படம் அது. சுமார் 250 படங்கள் என்று அவருடைய கணக்கைச் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் ஸ்டுடியோ என்னும் தொழிற்சாலை போட்ட உத்தரவுகளாகத்தான் இருந்திருக்கும். ஒரு நடிகையின் தொழில்வாழ்வை எழுதும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். கலைஞர் என்று தொடங்கிவிடுகிறோம். அவர் மாதச் சம்பளத்துக்கு வேலைபார்த்த பெண்ணும்கூட.

அந்த உத்தரவுகளுக்குள்ளேயே அவர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி கெய்சுகே கினோஷிதாவின் 'ராணுவம்' (1944). போருக்கு ஆதரவாக, ராணுவத்தின் ஆதரவோடு எடுக்கப்பட்ட படம். மகனைப் பேரரசருக்குக் கொடுத்துவிட்ட பெருமையில் தாய் நிற்க வேண்டும். தனாகா வீட்டில் தனியாக உட்கார்ந்து ராணுவ வீரர்களுக்கான அரச கட்டளையை முணுமுணுக்கிறார். தூரத்தில் எக்காளம் கேட்கிறது. எழுந்து ஓடத் தொடங்குகிறார். தெருக்களின் வழியே, கொடியசைக்கும் கூட்டத்தை இடித்துக்கொண்டு, அணிவகுத்துப் போகும் மகனைத் தேடி ஓடுகிறார். பல நிமிடங்கள் வசனமே இல்லை. கண்டுபிடித்த பின்னும் விடாமல் பக்கத்திலேயே ஓடுகிறார், கீழே விழுகிறார், கைகூப்புகிறார். ராணுவத்தினருக்குக் கோபம் வந்தது. போர் முடியும்வரை கினோஷிதாவால் அடுத்த படம் எடுக்க முடியவில்லை. எழுத்தில் இருந்தால் தணிக்கை கண்டுபிடித்து வெட்டியிருக்கும். ஒரு நடிகையின் கால்களிலும் மூச்சிரைப்பிலும் இருந்ததை முன்கூட்டி வெட்ட முடியவில்லை.

போருக்குப் பிறகுதான் நான் பேச வந்த விஷயம் தொடங்குகிறது. 1948இல் மட்டும் இரண்டு படங்கள். மிசோகுச்சியின் 'இரவின் பெண்கள்', ஒசாகாவின் இடிபாடுகளுக்கு நடுவே பாலியல் தொழிலுக்கு வந்துசேரும் ஒரு போர்விதவையின் கதை. யாசுஜிரோ ஓசுவின் 'காற்றில் ஒரு கோழி', கணவன் போரிலிருந்து திரும்பக் காத்திருக்கும் தோக்கிகோவின் கதை. குழந்தைக்கு நோய் வருகிறது, மருத்துவமனைக்குக் கட்டப் பணமில்லை, ஒரே ஒரு இரவு தன்னை விற்கிறாள். கணவன் திரும்பியதும் அவளே சொல்லிவிடுகிறாள். ஓசு என்றாலே தேநீரும் அமைதியும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் படத்தின் மாடிப்படிக் காட்சியைப் பார்க்க வேண்டும். கணவன் அவளைத் தள்ளுகிறான். படிகளில் உருண்டு கீழே விழுகிறாள். அவன் மேலேயிருந்து அடிபட்டதா என்று கேட்கிறான். தூக்கிவிட வரவில்லை. அவளே எழுந்து, வலியோடு படிப்படியாக ஏறி, அவனிடமே மன்னிப்புக் கேட்கிறாள்.

இந்த முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. தோற்ற நாடு தன் ஆணைத் தேற்றுவதற்கு ஒரு பெண்ணைப் படிக்கட்டில் உருட்டுகிறது. பின்னர் எல்லாவற்றையும் மறந்து வாழ்வோம் என்கிறது. மறக்கச் சொல்கிறவன் தள்ளியவன். ஆனால் தனாகா ஏறுவதைப் பாருங்கள். அந்த நொண்டலை அவர் அழகாக்கவில்லை. கடைசியில் கணவனைத் தழுவும்போது அவன் முதுகுக்குப் பின்னால் அவருடைய கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பிரார்த்தனை என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது கீழே விழாமலிருக்கத் தன்னைத்தானே பிடித்துக்கொள்வதாகத் தெரிகிறது. கதை மன்னிக்கிறது, கைகள் மன்னிக்கவில்லை.

1949இல் நல்லெண்ணத் தூதராக அமெரிக்கா போனார். கிமோனோவில் போனவர் 1950 ஜனவரியில் ஃபர் கோட்டும் வெயில் கண்ணாடியுமாகத் திரும்பி, திறந்த காரில் நின்று கூட்டத்தை நோக்கி முத்தங்களைப் பறக்கவிட்டார். பத்திரிகைகள் பாய்ந்தன. அமெரிக்கக்காரியாகிவிட்டாள் என்றார்கள். வயதாகிவிட்டது, முகம் போய்விட்டது என்றார்கள். அவருக்கு அப்போது நாற்பது. தற்கொலையை யோசிக்கும் அளவுக்குப் போனார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் படைகள் நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்தப் படைவீரர்களோடு வாழ்ந்த, அவர்களிடம் உடலை விற்ற பெண்கள்மேல் தெருவில் உமிழப்பட்ட வெறுப்பே கொஞ்சம் நாகரிகமாக அவர்மீது திரும்பியது. ஆண்கள் தோற்ற போரின் அவமானத்தைச் சுமக்க ஒரு பெண்ணுடல் தேவைப்பட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த உடல் அவருடையது.

மூன்று ஆண்டுகள் கழித்து அவர் முதன்முதலாக இயக்கிய படத்தின் கதை என்ன தெரியுமா? 'காதல் கடிதம்' (1953). ஷிபுயாவின் ஒரு சந்தில், ஊர் திரும்பிவிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பெண்கள் சார்பாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் முன்னாள் போர்வீரன் ஒருவன். தான் ஆண்டுக்கணக்கில் தேடிய பழைய காதலியும் அப்படியொரு கடிதத்துக்காக வந்து நிற்பதைப் பார்க்கிறான். அவன் அவளைத் திட்டித் தீர்க்கும் காட்சியில் படம் அவன் பக்கம் நிற்கவில்லை. போருக்கு நாம் எல்லோரும்தானே பொறுப்பு, கல்லெறிய யாருக்குத் தகுதி என்று நண்பன் கேட்கிறான். கடிதம் எழுதிக்கொள்ள வரும் பெண்களில் ஒருத்தியாகத் தனாகாவே சில நிமிடங்கள் வருகிறார். 1950இல் தன்னைத் திட்டியவர்களுக்கு அவர் பேட்டியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண்களின் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

ஜப்பானில் அதற்கு முன் கதைப்படம் இயக்கிய பெண்ணாக அறியப்படுபவர் தசுகோ சகானே மட்டுமே, 1936இல். அவர் மிசோகுச்சியிடம் உதவி இயக்குநராக இருந்தவர். ஒரே ஒரு கதைப்படம். பிறகு மஞ்சூரியாவில் ஆவணப்படங்கள். போருக்குப் பின் ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது காட்சித் தொடர்ச்சிக் குறிப்பெழுதும் வேலைதான் கிடைத்தது. தனாகா இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்கினார். மிகியோ நருசேயின் படமொன்றில் உதவியாளராக இருந்து வேலை கற்றார். கினோஷிதா திரைக்கதை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் படமான 'நிலவு எழுந்தது' (1955) படத்துக்கு ஓசு தன் திரைக்கதையைக் கொடுத்தார். இயக்குநர் சங்கத்தின் தலைவராக இருந்த மிசோகுச்சி எதிர்த்தார். இயக்குநராகும் அளவுக்குத் தனாகாவுக்கு மூளை போதாது என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பெண்களின் துயரத்தை உலகுக்குச் சொன்ன மேதை! அவர் படங்களில் அழுவதற்கு இருந்த மூளை கேமராவுக்குப் பின்னால் நிற்கப் போதவில்லை. ஓசு சங்கத்தின் எதிர்ப்பையும் மீறி உறுதுணையாக நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும், மாடிப்படிக் காட்சிக்காக அவரை மேலே திட்டியிருப்பதால். தனாகா அதன் பிறகு மிசோகுச்சியோடு வேலை செய்யவேயில்லை.

'நிலவு எழுந்தது' மென்மையான காதல் நகைச்சுவை. அதில் ஒரு குறும்பு உண்டு. வீட்டு வேலைக்காரியாக வருபவர் இயக்குநர் தனாகாவேதான். இளைய மகள் அவளை ஒரு தொலைபேசி அழைப்பில் வேறொருத்தியாக நடிக்கப் பழக்குகிறாள். இப்படிச் சொல், இல்லை இப்படி, மறுபடி சொல் என்று விரட்டுகிறாள். முப்பது ஆண்டுகள் ஆண்களிடம் 'மறுபடி' கேட்டு நடித்தவர், தானே இயக்கும் படத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் நடிக்கத் தெரியாதவளாகத் திட்டு வாங்குகிறார். நான் வாய்விட்டுச் சிரித்த இடம்.

அடுத்த படத்தின் பெயரை மொழிபெயர்த்தால் 'முலைகளே, என்றும் நிலைத்திருங்கள்' (1955). 'முலைகள்' என்று தன் கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பு வைத்ததற்காகக் குட்டி ரேவதி 2002இலும் அதற்குப் பின்னும் எதிர்கொண்ட வசைகள் நமக்கு நினைவிருக்கும். ஜப்பானில் 1954இல் வெளிவந்த ஃபுமிகோ நகாஜோவின் தன்கா கவிதைத் தொகுப்பின் பெயர் 'முலையிழப்பு'. ஹொக்கைடோவைச் சேர்ந்தவர், மணவிலக்குப் பெற்றவர், இரண்டு முலைகளையும் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். தொகுப்பு வந்த அதே ஆண்டில் 31 வயதில் இறந்துபோனார். கடைசி நாள்களில் அவரோடிருந்த ஆண் பத்திரிகையாளர் ஒருவர் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். படத்துக்கு மூலம் அந்தப் புத்தகம். சுமியே தனாகா என்னும் பெண் எழுத்தாளர் அதைத் திரைக்கதையாக்க, கினுயோ தனாகா இயக்கினார். ஓர் ஆணின் பார்வையில் இருந்த கதை இரண்டு பெண்களின் கைக்கு வந்தது.

இதன் குளியல் காட்சியைப் பற்றித்தான் நான் எழுத விரும்பினேன், மற்றதெல்லாம் அதற்கு வழி. ஃபுமிகோவின் தோழி கினுகோ. அவளுடைய இறந்துபோன கணவனை ஃபுமிகோ மனத்துக்குள் காதலித்திருந்தாள். அறுவைக்குப் பிறகு தோழியின் வீட்டுக்கு வந்து, அந்தக் கணவன் குளித்த தொட்டியிலேயே குளிக்க வேண்டும் என்கிறாள். உள்ளே பாட்டு முணுமுணுக்கிறாள். தோழி எட்டிப் பார்க்கிறாள். ஃபுமிகோ மறைக்கவில்லை. தழும்பிட்ட மார்பைத் தோழி பார்க்கட்டும் என்றே காட்டுகிறாள். கேமரா நமக்கு அதை முழுதாகத் தருவதில்லை, தோழியின் முகம் கலைவதைத் தருகிறது. குரூரமான காட்சி இது. நோயாளிக்கு இரக்கம் காட்டத் தயாராக வந்த தோழிக்கு அந்த வசதி மறுக்கப்படுகிறது. ஃபுமிகோ தன் ஆசையையும் பொறாமையையும் வெட்டுண்ட உடலையும் ஒரே தொட்டிக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள்.

ஓஹாருவின் முகத்தருகே ஓர் ஆண் விளக்கைப் பிடித்தான், காசு கொடுத்துக் காட்டினான். இங்கே காட்டுகிறவளே தீர்மானிக்கிறாள், யாருக்கு, எப்போது, எதற்காக என்று. அந்தப் பூனை மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பிற்பகுதியில் மருத்துவமனைக்கு வரும் பத்திரிகையாளனிடம் உறவை வேண்டுகிறவளும் ஃபுமிகோதான். முலையில்லாத, சாகப்போகிற பெண் காமம் கொள்கிறாள், அதற்காகப் படம் அவளைத் தண்டிக்கவில்லை. அதே மருத்துவமனையில் பிணவறைக்குச் செல்லும் நடைபாதையின் கம்பிக்கதவு திரும்பத்திரும்ப வருகிறது. இறுதியில் அது அவள் குழந்தைகளின் முன் மூடுகிறது. தியாகத் தாயாக அவளை உயர்த்தும் வாய்ப்பு அங்கே தயாராக இருந்தது. தனாகா அதை எடுக்கவில்லை. பிள்ளைகள் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆறு படங்களையும் நான் ஒரேபோல் கொண்டாடவில்லை. மஞ்சூரியப் பொம்மைப் பேரரசரின் தம்பிக்கு மணமுடிக்கப்பட்ட ஜப்பானியப் பிரபுகுலப் பெண்ணின் கதையான 'அலைந்த இளவரசி' (1960) எனக்கு ஒட்டவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட சீனர்கள் அங்கே பின்னணித் திரைச்சீலைகள். ஒரு பெண்ணின் துயரத்தைச் சொல்வதற்காக ஒரு காலனிய ஆட்சியை வண்ணத்தில் அழகாக்கினால் நாமும் கேள்வி கேட்கத்தான் வேண்டும், இயக்குநர் பெண் என்பது அதற்கு விலக்கல்ல.

மாறாக 'பெண்கள் மட்டுமேயான இரவு' (1961) இன்றைக்கும் சூடாறவில்லை. 1956இல் இயற்றப்பட்ட பாலியல் தொழில் தடுப்புச் சட்டத்துக்குப் பின் பிடிபட்ட பெண்கள் மறுவாழ்வு விடுதியில் இருக்கிறார்கள். குனிகோ அங்கிருந்து மளிகைக்கடைக்கும், தொழிற்சாலைக்கும், ரோஜாத் தோட்டத்துக்கும் அனுப்பப்படுகிறாள். எங்கே போனாலும் அவளுடைய பழைய வேலை அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தொழிற்சாலையில் அவளைச் சித்திரவதை செய்பவர்கள் பெண்கள். அவளைச் சட்டம் மீட்டுவிட்டது, ஊர் மீட்கவில்லை. விடுதிக்குள் குனிகோமேல் ஆசைகொள்ளும் மூத்த பெண்ணொருத்தியும் உண்டு. 1961இல் அதை ஒளிக்காமல் வைத்திருக்கிறார்கள். திரைக்கதை மறுபடியும் சுமியே தனாகா. 'இரவின் பெண்கள்' படத்தில் நடித்தவர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே பெண்களைத் தேவாலயத்து மாதாவின் ஓவியம் இல்லாமல், கண்ணீர் மன்னிப்பு இல்லாமல், வேலை தேடுகிறவர்களாகக் காட்டுகிறார். 1962க்குப் பிறகு அவருக்கு இயக்க வாய்ப்பில்லை. இந்தப் படங்கள் புதுப்பிக்கப்பட்டு 2021இல் லியோன் லூமியேர் விழாவில் வெளிச்சத்துக்கு வரும்வரை, அவர் இயக்குநர் என்ற செய்தி ஒரு நடிகையின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகவே இருந்தது.

நடிப்பு தொடர்ந்தது. கினோஷிதாவின் 'நராயமா' (1958) படத்தில் எழுபதைத் தொடும் ஓரின். வாய்க்கொரு வயிறு குறைய வேண்டுமென்று முதியவர்களை மலையில் விட்டுவரும் ஊர். பற்கள் உறுதியாக இருப்பதே வெட்கம் என்று கல்லில் மோதி உடைத்துக்கொள்கிறாள். அந்த வேடத்துக்காகத் தனாகா தன் முன்பற்களையே எடுத்துவிட்டதாகச் சொல்வார்கள், அர்ப்பணிப்பின் உச்சம் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் கூச்சம் உண்டு. ஊருக்காகப் பல்லை உடைக்கும் கிழவியைக் கண்டு அதிர்கிறோம், படத்துக்காகப் பல்லைக் கொடுக்கும் நடிகைக்குக் கைதட்டுகிறோம்.

பிறகு 'சந்தகான் எண் 8' (1974). கெய் குமாயின் படம். தொமோகோ யமசாகியின் புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் சந்தகானுக்குச் சிறுவயதில் விற்கப்பட்டு, முதுமையில் அமக்குசா தீவில் ஒரு பாழ்குடிசையில் பூனைகளோடு வாழும் ஒசாகியாகத் தனாகா. ஆம், பூனைகள். அவரைத் தேடி ஓர் இளம் ஆய்வாளர் வருகிறார், உண்மைக் காரணத்தைச் சொல்லாமலே அங்கே தங்குகிறார். இளவயது ஒசாகியாக வேறொருவர் நடித்த விடுதிக் காட்சிகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. கேமரா அங்கே பழைய பசியோடு பார்க்கிறது. குடிசைக்குள் திரும்பும்போதெல்லாம் படம் உயிர்பெறுகிறது. தனாகா குந்தி உட்கார்ந்து சோறிடுகிறார், சிரிக்கிறார், தன்னை விற்ற கதையைக் காய்கறி விலை சொல்வதுபோலச் சொல்கிறார். யாரையும் அழவைக்கும் அவசரம் அவருக்கில்லை. 1975இல் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி இதற்காகக் கிடைத்தது. 1977 மார்ச்சில் இறந்தார்.

என் மாணவி அழுகையைப் பற்றிக் கேட்டாள் அல்லவா, இந்தப் படத்தின் விடைபெறும் காட்சியை அவளுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினேன். இவ்வளவு நாள் ஏன் நான் யாரென்று நீங்கள் கேட்கவேயில்லை என்கிறாள் ஆய்வாளர். சொல்ல முடிந்தால் நீயே சொல்லியிருப்பாய், நீ சொல்லாததை நான் எப்படிக் கேட்பது என்கிறார் ஒசாகி. காசு நீட்டப்பட்டபோது தயங்குகிறார். வேறொன்று கேட்கிறார். நீ முகம் துடைத்த அந்தப் பழைய துண்டைத் தந்துவிட்டுப் போ, அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வரும். துண்டு கைக்கு வந்ததும் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுகிறார். முகம் நமக்குத் தெரிவதில்லை.